இரண்டு மூட்டை, ஐந்து கிலோ

மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டுத்தான் வைரக்கண்ணு தராசில் ஏறுவார். காற்றுக்கும் எடை உண்டு என்பது அவர் கட்சி. அதற்கு முன்னால் கேன்வாஸ் ஷூ, கைக்கடிகாரம், பேனா, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று மேசைக்குப் போய்விடும். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எண் தெரியாது. லோடுமேன் வீரையன்தான் குனிந்து படித்துச் சொல்லவேண்டும்.

“தொண்ணூத்தி ஏழு நானூறு.”

“சாக்குக்குக் கழிச்சியா?”

“கழிச்சாச்சு சார்.”

சாக்கு என்று அவர் சொல்வது உடுத்தியிருக்கும் வேட்டி சட்டையை. நெல் கொள்முதல் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பட்டியல் எழுதுகிற மனுஷன் வேறு எப்படிப் பேசுவார்? மூட்டைக்கு நாற்பது கிலோ, சாக்கின் எடை தனி. உலகத்தையே அவர் இப்படித்தான் பார்ப்பார். தை பிறந்தபோது அவர் சரியாக இரண்டரை மூட்டை இருந்தார். இரண்டு மூட்டையும் ஐந்து கிலோவுமாக ஆகவேண்டும். அதற்காகத் திருப்பனந்தாளில் இருக்கும் வீட்டிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுக் காலையும் மாலையும் நடந்தார்.

வியர்வையில் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நிற்பவரைப் பார்த்தால், களத்தில் நெல்லைக் கொட்டி வைத்துக் காத்திருக்கும் விவசாயிகளுக்குக் கொண்டாட்டம். “சார், ஈரப்பதம் பாக்காம ஏறுறீங்களே! பதினேழுக்கு மேல இருந்தா எங்கள மட்டும் காயவச்சு எடுத்துட்டு வான்னு திருப்பி அனுப்புறீங்க?” என்பார்கள். “காயத்தான்யா நடக்குறேன்” என்று இவரும் சிரிப்பார். ஊரில் எல்லோரும் சாருக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று முடிவுகட்டியிருந்தார்கள். பாகற்காயும் வெந்தயமும் வைத்தியம் சொன்னார்கள். இவரும் அதையெல்லாம் சிரத்தையாகக் கேட்டுக்கொள்வார். சர்க்கரை என்று சொல்வது சுலபமாக இருந்தது.

உண்மை வேறு. மயிலாடுதுறைக்கு மேற்கே ஆற்றோரத் தெருவில் தனியாக இருக்கும் அவருடைய அக்கா அம்சத்துக்கு ஈரல் சுருங்கிப்போய்விட்டது. எந்தக் காலத்திலோ வந்த மஞ்சள்காமாலை உள்ளேயே தங்கி வேலையைக் காட்டியிருக்கிறது. கட்டினவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. ரத்த வகை ஒத்துப்போவது தம்பிக்குத்தான். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இவருடைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“உங்க ஈரல்ல கொழுப்பு ஏறிக் கெடக்குங்க. இதுல பாதிய வெட்டி அவங்களுக்கு வச்சா, உங்களுக்கும் ஆபத்து, அவங்களுக்கும் பிரயோஜனம் இல்ல. பதினஞ்சு கிலோ எறக்கிட்டு வாங்க. மூணு மாசம் டைம் இருக்கு. அதுக்கு மேல அவங்க தாங்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது.”

“எப்படிம்மா எறக்குறது?”

“நடங்க. வாயக் கட்டுங்க. வேற மருந்து இல்ல.”

அக்காவிடம் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அரசாங்கத்தின்மேல் அபார நம்பிக்கை. “மிக்சி குடுத்தாங்க, கிரைண்டரு குடுத்தாங்க, ஃபேன் குடுத்தாங்க. ஈரலு மட்டும் குடுக்கமாட்டாங்களா? அதான் கார்டு இருக்குல்ல” என்று காப்பீட்டு அட்டையைச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு வைத்திருந்தாள். “ஆமாங்க்கா, லிஸ்ட்டுல பேரு ஏறிடுச்சு” என்றார் வைரக்கண்ணு. தம்பி வயிற்றைக் கிழித்து எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கமாட்டாள். ஏனென்றால் அந்த உடம்பு அவள் வளர்த்தது.

வைரக்கண்ணுவுக்கு அப்போது ஐந்து வயது, அம்சத்துக்குப் பதினைந்து. அம்மா முன்னமே இல்லை. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு அந்தத் தெருவே வேலைக்குப் போகாமல் நின்றது. பண்ணை விடுமா? வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கியது. அப்பா காத்தான் மறியலுக்குப் போய் அங்கிருந்து அப்படியே திருச்சி ஜெயிலுக்குப் போனார். நாற்பத்திரண்டு நாள். அம்சம் வாய்க்காலில் நத்தை பொறுக்கினாள், வரப்பில் கீரை பறித்தாள், எங்கேயோ கெஞ்சி வாங்கிய குருணையைக் கஞ்சியாகக் காய்ச்சினாள். தம்பி குடித்து முடித்ததும், “கிண்ணத்தக் கவுத்துக் காட்டு” என்பாள். ஒரு சொட்டு விழக்கூடாது. “ஒனக்குக்கா?” என்று கேட்டால், “நான் அப்பவே குடிச்சிட்டேன்” என்பாள்.

அதை அவர் நம்பினார். ஐந்து வயதுப் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்? ஆனால் நாற்பத்தெட்டு வயசிலும் அந்த நம்பிக்கையை நினைத்தால் வைரக்கண்ணுவுக்குத் தன்மேல் ஆத்திரம்தான் வரும்.

பிறகு காலம் மாறியது. அவர் பள்ளிக்கூடம் போனார், படித்தார், உத்தியோகம் வந்தது. உத்தியோகத்தோடு தொப்பையும் வந்தது. அந்தத் தெருவில் மூன்று தலைமுறையில் யாருக்கும் தொப்பை இருந்ததில்லை. அம்சத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. தம்பிக்குச் சட்டை தைக்கக் கொடுத்தால், “இன்னும் ரெண்டு விரக்கடை தாராளமா வையி, எந்தம்பி இதோட நின்னுட மாட்டான்” என்று தையல்காரரிடம் சொல்வாள். குழாயடியில் நின்று, “எந்தம்பி ரெண்டரை மூட்ட” என்று யாரும் கேட்காமலே சொல்வாள். கண் படும் என்று வெள்ளிக்கிழமை தோறும் அவள் மிளகாய் சுற்றிப் போட்டது எல்லாம் அந்தத் தொப்பைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய நடை. விடியும்போது கிளம்பி, வாய்க்கால் கரைகளைப் பிடித்துக் குத்தாலம் வந்து, அங்கே காவேரிக்கரை ஏறி, அக்கா தெருவரைக்கும் இருபத்திரண்டு கிலோமீட்டர். தை கடைசியில் ஆற்றில் தண்ணீர் நிறுத்தினார்கள். கால் புதைந்து நடந்தால் கொழுப்பு சீக்கிரம் கரையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மணலில் இறங்கினார். முதல் நாள் அரை மைல் தாங்கவில்லை. குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. ஒரு பனைமட்டையை ஊன்றிக்கொண்டு, “இன்னும் நூறு கிராம், இன்னும் நூறு கிராம்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தார். தேங்கிக் கிடந்த தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிற்கவில்லை.

தெருமுனையில் காதர் மைதீன் டீக்கடை. விஷயம் தெரிந்த மூன்று பேரில் அவர் ஒருத்தர். மற்ற இருவர் வீரையனும், வைரக்கண்ணுவின் மனைவி நாகம்மாளும். கரைமேல் வைரக்கண்ணுவின் தலை தெரிந்ததும் வடைத் தட்டைத் தூக்கி அந்தண்டை வைத்து, மேலே பேப்பரைப் போட்டு மூடிவிடுவார் காதர் மைதீன்.

“வாங்கண்ணே. சீனி இல்லாத டீ. வாசனைய மட்டும் நம்மால மூட முடியல, மன்னிச்சுக்கங்க.”

அங்கேதான் வேஷம் மாறும். ஷூவைக் கடைப்பெட்டிக்குக் கீழே ஒளித்துவைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார். மாசி பாதியில் உடம்பு நன்றாகவே வற்றிவிட்டது. அதனால் பழைய தொளதொளச் சட்டைக்குள் இரண்டு பனியன், அதற்கும் உள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு துண்டு. மண்டை பிளக்கிற வெயிலில் இந்தக் கோலம்! கடைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “தொப்பை எறங்கிப் போச்சு, கொஞ்சம் தூக்கிக் கட்டு மைதீனு” என்பார். இருவரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் காதர் மைதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாய்லரைத் துடைப்பார்.

அம்சத்துக்குக் கண் மஞ்சளடித்து மங்கியிருந்தது. பஸ்ஸில் வந்தேன் என்றால் நம்பினாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றதை மட்டும் நம்பவே மாட்டாள். எழுந்து நிற்க முடியாதவள் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பாள். வேண்டாம் என்றால் ஏன் எதற்கு என்று கேள்வி வரும். மூன்றாவது தடவை போடும்போது இவர் கண்ணை மூடிக்கொள்வார். முடித்ததும் அதே பேச்சு. “தட்டக் கவுத்துக் காட்டு.” தலை நரைத்த தம்பி தட்டைக் கவிழ்த்துக் காட்டுவார். அவள் முகத்தில் அப்போது வருகிற நிறைவைப் பார்ப்பதற்காகவே எதையும் தின்னலாம். திங்கட்கிழமை வீரையன் எண்ணைப் படிக்காமல் தலையைச் சொறிவான்.

“சொல்லுடா.”

“எழுநூறு ஏறியிருக்கு சார்.”

“அக்கா வீட்டுக்குப் போனேன்ல.”

“ரெண்டு வாரம் போவாம இருந்துட்டாத்தான் என்ன சார்?”

“போவாம இருந்தா அது சந்தேகப்படும்டா. அதுவுமில்லாம...” என்பார். மேலே சொல்லமாட்டார். அக்காவை இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப்போகிறோம் என்கிற பயம்தான் அது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு நேர் வழியில் போகாமல் கொள்ளிடக்கரை சுற்றிப் போவார். ராத்திரிக்கு மோரும் வெள்ளரிக்காயும்தான். பசியில் தூக்கம் வராது. நாகம்மாள் ஒரு நாள் அழுதேவிட்டாள். “பட்டினி கெடந்த குடும்பத்துலேருந்து வந்துட்டு, அரிசி மூட்டைய வீட்டுல அடுக்கி வச்சுக்கிட்டு இப்படிப் பட்டினி கெடக்குறீங்களே” என்றாள். “அப்ப எனக்காக அது கெடந்துச்சு. இப்ப என் முறை” என்றார் இவர்.

பங்குனி இருபத்தாறாம் தேதி காலையில் வீரையன் எண்ணை இரண்டு தடவை படித்தான். பிறகு தராசை அணைத்துப் போட்டு மறுபடியும் ஏறச் சொன்னான்.

“எண்பத்தஞ்சு! சார், எண்பத்தஞ்சு சார்! சாக்குக்குக் கழிக்காமலே எண்பத்தஞ்சு!”

களத்தில் இருந்தவர்கள் விஷயம் தெரியாமலே கை தட்டினார்கள். வீரையன் சாக்கில் முத்திரை குத்துகிற மையைத் தொட்டுக் கிடங்குச் சுவரில் பெரிதாக 85 என்று எழுதினான். வைரக்கண்ணு தராசைவிட்டு இறங்காமலே நின்றுகொண்டிருந்தார். பிறகு சென்னை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். எடுப்பதற்குள் வேறொரு அழைப்பு குறுக்கே வந்தது. காதர் மைதீன்.

“அண்ணே, அக்காவுக்கு வயிறு ரொம்ப உப்பிப்போயி நெனவு தப்பிருச்சு. வண்டி வச்சுத் தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போறோம். நீங்க நேரா வந்துருங்க.”

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இளவயசு டாக்டர் ஒருத்தர் அவரைத் தனியாக அழைத்து உட்காரவைத்துப் பேசினார். வயிற்றில் கோத்திருந்த நீரில் கிருமி சேர்ந்து ரத்தத்தில் பரவிவிட்டது. கிட்னியும் போய்விட்டது. சென்னை டாக்டரம்மாவிடம் போனில் பேசியாயிற்று, இனிமேல் ஆப்பரேஷன் செய்ய முடியாது, இன்னும் ரெண்டு மூணு நாள்தான் என்றார்.

“நான் எண்பத்தஞ்சுக்கு வந்துட்டேன் சார்” என்றார் வைரக்கண்ணு.

டாக்டர் குனிந்துகொண்டார். “ஒரு மாசம் முன்னாடின்னா செஞ்சிருக்கலாங்க.”

ஒரு மாதம் முன்னால் அவர் தொண்ணூற்றொன்று. ஆறு கிலோ. நடைவழி நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கையால் தின்ற ஞாயிற்றுக்கிழமைச் சோற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். கருவாட்டுக் குழம்பு, சுறாப்புட்டு, மாசி மகத்துக்குச் சர்க்கரைப் பொங்கல். மூன்றாவது தடவை வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லையே பாவி என்று நெற்றியில் அறைந்துகொண்டார்.

மறுநாள் காலை அம்சத்துக்கு நினைவு திரும்பியது. உள்ளே விடும்போது நர்ஸ் சொன்னாள்: “நேத்துலேருந்து ஒரு வாய் எறங்கல. நீங்களாவது சொல்லிப் பாருங்க.” கட்டில் பக்கத்தில் ஆஸ்பத்திரித் தட்டில் நாலு இட்லி ஆறிக் கிடந்தது.

முந்தின நாள் நிலையத்திலிருந்து கட்டிய துணியோடு அப்படியே வந்திருந்தார். உள்ளே இரண்டு பனியனும் இல்லை, துண்டும் இல்லை. அம்சம் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

“யாரு?”

“நான்தாங்க்கா. வைரம்.”

கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் இரண்டும் சுற்றிவந்து தொட்டுக்கொண்டன. அதைத் தடவிப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். கழுத்து எலும்பில் விரல் நின்றது. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“எவன்டா ஒன்ன இப்படி ஆக்குனது? எந்தம்பி ரெண்டரை மூட்ட இருந்தானே... நாகம்மா சோறு போடலியா?”

“போடுறாக்கா.”

“பொய் சொல்லாத.” சுற்றுமுற்றும் பார்த்தாள். இட்லித் தட்டு கண்ணில் பட்டது. ஊசி குத்தியிருந்த கையால் அதை மெல்ல இவர் பக்கம் தள்ளினாள். “தின்னு.”

“ஒனக்குக்கா?”

“நான் அப்பவே தின்னுட்டேன்.”

மூன்று மாதமாக வீட்டில் இரண்டு இட்லிக்கு மேல் தொடாதவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். முதல் இட்லியைத் தண்ணீர் குடித்து விழுங்கினார். இரண்டாவதைத் தின்றார். மூன்றாவதைப் பிட்டபோது அவள் தலையை லேசாக ஆட்டினாள். நான்காவதையும் தின்று, சட்னியை விரலால் வழித்து நக்கினார். பிறகு தட்டை இரண்டு கையாலும் தூக்கி, அவள் கண்ணுக்கு நேராகக் கவிழ்த்துக் காட்டினார்.