மேலே மாட்டிய இன்னொரு கிளவுஸ்

மகப்பேறு விடுப்பு முடிந்து டயாலிசிஸ் பிரிவுக்குத் திரும்பிய முதல் நாள், நாலாம் மெஷின் எனக்கு வந்தது. அதில் இராஜாக்கமங்கலத்து மீன் வியாபாரி ஒருவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவர், எச்.ஐ.வி.யும் உண்டு. எனக்கோ வீட்டில் பால்குடிக்கிற பிள்ளை. எல்லாருக்கும் எடுக்கும் கவனமே இவருக்கும் போதும் என்று படித்திருக்கிறேன். இருந்தும் மறுபக்கம் திரும்பி நின்று, கிளவுஸுக்கு மேல் இன்னொன்றை மாட்டினேன்.

ஊசி போடுவது ஃபிஸ்டுலாவில். கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம் அது. விரல் வைத்தால் ரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். அதை வைத்துத்தான் எங்கே குத்துவது என்று முடிவு செய்வோம். இரண்டு உறைக்கு மேல் அது எனக்குச் சரியாக எட்டவில்லை. ஒன்றைக் கழற்றியிருக்கலாம். ஊகத்தில் குத்தினேன். ஊசி ரத்த நரம்பின் மறுபக்கம் துளைத்துப் போய், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை வீங்கியது.

இன்சார்ஜ் சிஸ்டர் ஓடி வந்தார். "என்ன பிள்ள செய்த?"

"இவருக்க வெயின் ரொம்ப வீக் சிஸ்டர்."

அவர் என் கைகளைப் பார்த்தார். சார்ட்டிலும் நரம்பு வீக் என்றே எழுதினேன்.

கழுத்தில் கதீட்டர் குழாய் போட்டு அன்றைய டயாலிசிஸ் நடந்தது. மற்ற கையின் ஃபிஸ்டுலா முன்பே அடைத்துவிட்டது. இதுவும் போனால் சிரமம் என்றார் டாக்டர்.

அதன்பின் மீன் வியாபாரி இரண்டு முறை டயாலிசிஸுக்கு வந்து போனார். மூன்றாம் முறை மெதுவாகச் சொன்னேன்: "அண்ணே, அன்னைக்கு நான் ரெண்டு கிளவுஸ் போட்டிருந்தேன்."

"கண்டேன் மக்கா. பயமும் பேடியும் எனக்க பெண்டாட்டிக்கும் உண்டு. அது போகட்டு. ஆனா நரம்பு மேல பழியப் போட்டியே! ரப்பர் பந்த மாசக்கணக்குல அமுக்கி உண்டாக்குன நரம்பாக்கும் இது."

அன்றே இன்சார்ஜிடம் சொன்னேன். சார்ட்டைத் திருத்தி, என் தவறு என்று கையெழுத்திட்டேன்.

சில வாரங்களில் கை தேறியது. ஒரே கிளவுஸுடன் போய் நின்றேன். அவர் இன்சார்ஜைக் கூப்பிட்டார். "மெஷினு அவ பாக்கட்டும் சிஸ்டர். ஊசி மட்டும் வேற ஆளு போடட்டு."

நான் விலகி நின்றேன்.

புதிதாக வருகிறவர்களிடம் இப்போது சொல்வது இதைத்தான்: பயமாக இருந்தால் குத்தும் முன்பே பயம் என்று சொல்லிவிடுங்கள், ஊசியை வேறொருவர் வாங்கிக்கொள்வார். வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கு வந்த வெட்கத்தைவிட அது சிறியது.