கேமராவைப் பார்த்துப் பெட்டியை மூடியவர்

அந்தத் தொடரில் முகம் காட்டினால் வேலை நிலைக்காது என்று லிஃப்ட்காரருக்குச் சொன்னவர் டீக்கடைக்காரர். டீக்கடைக்காரருக்குச் சொன்னது அவருடைய பக்கத்து வீட்டுக்காரரின் மருமகன். அந்த மருமகனும் எதையும் கண்ணால் கண்டவனில்லை. வாராவாரம் ஒரு தொழிலாளியின் பின்னாலேயே கேமராவோடு போய், அவர் வேலை செய்வதை அப்படியே காட்டுகிற தொடர் அது. கிரேன் ஓட்டுகிற ஒருவரைக் காட்டினார்களாம். இடுப்பில் பெல்ட் இல்லாமல் அவர் மேலே ஏறியதை முதலாளி வீட்டில் சாய்ந்துகொண்டு பார்த்தாராம். மறுநாள் ஆள் வெளியே. ரொட்டி சுடுகிற இன்னொருவர் மாவில் தும்மியதை ஊரே பார்த்துவிட்டதாம்.

"உங்களுக்கென்ன! லிஃப்டுக்குள்ள தும்மினா யாருக்குத் தெரியப்போகுது?" என்று டீக்கடைக்காரர் சிரித்தார்.

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைப் படம்பிடித்து முடித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை காட்டப்போகிறார்கள்.

பழைய லிஃப்டுகளைப் பழுது பார்ப்பதுதான் இளம் வயதிலிருந்தே அவர் பிழைப்பு. கம்பெனியில் அவருக்குப் 'பொறுங்க' என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் முதலில் வருவது அந்த வார்த்தைதான். "அண்ணே, முடிஞ்சுதா?" "பொறுங்க." "அண்ணே, சாப்பிடப் போலாமா?" "பொறுங்க." கல்யாணத்தன்று தாலி கட்டச் சொன்னபோதுகூட அதைத்தான் சொன்னார் என்று மைத்துனன் இன்றுவரை கதை கட்டுவான். பயந்த சுபாவம். ஆனால் அந்தப் பயம்தான் அவருக்குச் சோறு போட்டது. அவர் கை வைத்த லிஃப்டில் இதுவரை யாருக்கும் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

கையால் கதவைச் சாத்துகிற பழைய லிஃப்டுகளில், எந்த மாடியிலாவது கதவு சரியாகச் சாத்தவில்லையென்றால் மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேராது, லிஃப்ட் நகராது. எந்தக் கதவில் கோளாறு என்று கண்டுபிடிக்க, மொட்டை மாடி மெஷின் அறைக்குப் போய், சுவரிலிருக்கும் பெட்டியைத் திறந்து, இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு ஒயரை மாட்ட வேண்டும். அந்த ஒயர் இருக்கும்வரை எல்லாக் கதவும் சாத்தியிருப்பதாக லிஃப்ட் நம்பிக்கொள்ளும். கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் கிளம்பிவிடும். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நிற்பவரைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒயரை மாட்டும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் கடிகாரம் மணிக்கட்டுக்குத் திரும்பும். படியிறங்கும்போது மணிக்கட்டைத் தடவிப் பார்ப்பார். கடிகாரம் தட்டுப்பட்டால் மனசு அடங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை மதியமே, படம்பிடித்த கட்டடத்துக் காவலாளி போன் செய்துவிட்டார். "சார், நம்ம லிஃப்ட் டிவில வருதுன்னு இங்க ஒரே அமர்க்களம். கீழ ஹால்ல பெரிய டிவி வச்சாச்சு. அத்தனை வீட்டு ஆளுங்களும் வர்றாங்க. சின்னப் பசங்க இப்பவே முன்னாடி இடம் பிடிச்சிட்டாங்க!"

மாலையில் லிஃப்ட்காரர் வீட்டிலும் டிவி முன்னால் கூட்டம். மனைவி, மகள், மைத்துனன். அவர் மட்டும் உட்காராமல் சுவரோரம் நின்றார். காலில் ஷூ இருக்கிறதா, கையுறை போட்டிருக்கிறோமா, தலையில் தொப்பி இருக்கிறதா என்று தன்னைத்தானே முதலாளியின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொப்பையே தெரியலையே மாமா! கேமராவுக்கு நல்ல மனசு," என்றான் மைத்துனன்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடா. அவரே வெலவெலத்துப் போய் நிக்கறாரு," என்றாள் மனைவி. ஆனால் அவளுக்கும் பெருமை தாங்கவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்றாவது மாடிக் கதவில் கோளாறைக் கண்டுபிடித்தார். வளைந்திருந்த தகட்டை நிமிர்த்தினார். அவர் மெல்ல மூச்சு விட்டார். கடைசியில், ஒயர் மாட்டியதை மறுபடி கிட்டத்தில் காட்ட, திரை முழுக்க அவருடைய கை மட்டும் வந்தது. கை ஒயரை மாட்டியது. மாட்டிய ஒயரோடு, அதே படத்தில், மணிக்கட்டில் கடிகாரம் பளபளத்தது.

"அப்பா, அந்த சிவப்பு ஒயர் எதுக்கு?" என்றாள் மகள்.

அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். ஒயரும் கடிகாரமும் ஒன்றாக இருக்க வழியே கிடையாது. இருபது வருடத்தில் ஒருமுறைகூட இருந்ததில்லை. பிறகு எப்படி என்று யோசிக்கும்போதே ஞாபகம் வந்தது.

படம்பிடித்த அன்றைக்கு வேலை முடிந்திருந்தது. ஒயரைப் பிடுங்கி, கடிகாரத்தைக் கட்டியும்விட்டார். அப்போதுதான் படம் எடுக்கிற அம்மா, "அண்ணே, ஒயர் மாட்டுனது ரொம்ப நல்லாயிருந்துச்சு. கிட்டக்க வச்சு இன்னொரு தடவை எடுத்துக்கறோம்," என்றார். அவர் மறுபடி கடிகாரத்தைக் கழற்றி, ஒயரை மாட்டினார். மூலையில் ஒரு பெண் செல்போனில் பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

"அங்கிள், பெட்டியத் திறக்கும்போது கையில வாட்ச் இருந்துச்சு. இப்ப இல்ல. போட்டுக்கங்க ப்ளீஸ், பாக்கறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க."

"பொறுங்க..." என்று ஆரம்பித்தார். ஆனால் அந்தச் சின்ன அறையில், விளக்குச் சூட்டில், எல்லோரும் வேர்த்து வழிந்து அவருக்காகக் காத்திருந்தார்கள். கடிகாரத்தைப் போட்டுக்கொண்டு, கேமராவுக்காக ஒயரைக் கழற்றி இன்னொரு தடவை மாட்டினார்.

"சூப்பர்ண்ணே. அப்படியே மூடியச் சாத்துங்க. பெட்டியப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. லேசா சிரிங்க."

சிரித்தார். கைதட்டினார்கள். யாரோ தோளில் தட்டினார்கள். படியிறங்கும்போது மணிக்கட்டைத் தடவினார். கடிகாரம் இருந்தது. மனசு அடங்கியது.

"அக்கா, மாமா சிரிக்கிறாரு பாரு!" என்று மைத்துனன் கத்தினான். திரையில் அந்தச் சிரிப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் போய்ப் பணிப்பையைத் தூக்கிவந்து தரையில் கவிழ்த்தார். ஸ்பேனர்கள் உருண்டன. டெஸ்டர், டேப், கிரீஸ் டப்பா. ஒயர் இல்லை. பையின் உள்பக்கத்தை வெளியே இழுத்துப் பார்த்தார். இல்லை. படம்பிடித்த பிறகு வாரம் முழுக்க வேறு லிஃப்டுகளின் கம்பிவடத்துக்கு எண்ணெய் போடுகிற வேலை. ஒயரைத் தேட வேண்டிய தேவையே வரவில்லை.

ஒயரைப் பிடுங்காமலே பெட்டியை மூடிவிட்டு வந்ததை அவர்களிடம் சொன்னார். மைத்துனன் டிவி சத்தத்தைக் குறைத்தான்.

"மாமா, நான் சொல்றதக் கேளுங்க. இவ்வளவு நாளா ஒண்ணும் ஆகலையில்ல? காலைல போய் சத்தமில்லாம பிடுங்கிட்டு வந்துடுங்க. இப்ப நீங்களே போன் பண்ணிச் சொன்னீங்கன்னா அந்த கிரேன்காரர் கதைதான்."

அதில் நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது. ஒரு நிமிடம் அவர் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவர் இருவராக ஏறுகிறவர்கள் பழக்கத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றைக்கு ஹாலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். டிவியில் பார்த்த லிஃப்டில் போக பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். யாராவது ஒருவர் மற்றவர்களுக்காகக் காலால் கதவைத் திறந்து பிடித்திருப்பார். கீழே இறங்கி வராத யாரோ ஒருவர் மேலே பட்டனை அழுத்துவார்.

"அங்க என்னங்க ஆகும்?" என்றாள் மனைவி.

"கதவு திறந்திருக்கும்போதே கிளம்பிடும்."

அவள் தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனை எடுத்து அவர் கையில் திணித்தாள். "பண்ணுங்க. வேலை போனா போய்த் தொலையுது."

முதலில் கம்பெனி அவசர எண்ணுக்குப் பேசினார். எடுத்த பெண் பெயரைக் கேட்டாள், கட்டடத்தைக் கேட்டாள், என்ன கோளாறு என்று கேட்டாள். "கோளாறு இல்லம்மா. ஒயரை உள்ளேயே விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்," என்றார். எதிர்முனையில் அவள் அதை எழுதிக்கொண்டாள். பிறகு ஆள் அனுப்புவதாகவும், வெள்ளிக்கிழமை நெரிசலில் தாமதமாகும் என்றும் சொன்னாள்.

அடுத்து காவலாளி எண். லிஃப்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மணி அடித்தது. டிவியில் தொடர் முடிந்து பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின. பின்னணி இசை உரக்க எழுந்தது. அதே இசை அந்த ஹாலிலும் காதைப் பிளந்துகொண்டிருக்கும். காவலாளி போனை வாசல் மேஜையிலேயே விட்டுவிட்டுக் கூட்டத்தோடு உட்கார்ந்திருப்பார்.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார்.

"நான் வண்டிய எடுக்கறேன் மாமா, நீங்க பேசிக்கிட்டே வாங்க," என்று மைத்துனன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவை ஒட்டி நின்றாள்.

பெயர்கள் முடிந்து சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார்கள் இப்போது. அவர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, "எடுங்க, எடுங்க," என்று முனகியபடி வாசல் படியில் இறங்கினார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.