வெள்ளிக்கிழமை என்ன தப்பு செய்தது?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணி. தேங்காய்ச் சட்னிக்கு மிக்சியைப் போடப் போனேன், போன் அடித்தது. நாத்தனார் கமலா.

“அண்ணி, இன்னும் வேன் வரல. நாலு பேரு நிக்கிறோம். ஆறு மணிக்கு வர வேண்டியது... ஒங்க கம்ப்யூட்டர்தானே அனுப்புது?”

மிக்சியை அப்படியே விட்டேன்.

ஆமாம், எங்கள் கம்ப்யூட்டர்தான். அவள் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு ஷிப்ட், பஸ், வருகைப் பதிவு எல்லாம் பார்க்கும் சாஃப்ட்வேரை எழுதியது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாயில் இருக்கும் எங்கள் சின்ன நிறுவனம். எழுதிய நாலு பேரில் நானும் ஒருத்தி. கமலா இருப்பது பண்டார் தெங்காராவில். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களே, வேலைக்குப் போயேன் என்று அவளை உசுப்பேற்றியதும் நான்தான். “பஸ் ஒங்க பக்கமே வரும் லா” என்று சொன்னதும்... நான்தான். நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு இது முதல் வேலை. மூன்று மாத ப்ரோபேஷன் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன.

வேன் வரவே இல்லை. வராத வேனுக்காக, அவள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று பதிவு செய்ததும் அதே சாஃப்ட்வேர்தான். என்ன திமிர் பாருங்கள்.

ஆபீசுக்குப் போய்த் தோண்டினேன். பத்து நிமிடத்தில் கிடைத்தது. ஜொகூரில் வார விடுமுறை முன்பு வெள்ளியும் சனியும். இப்போது சனியும் ஞாயிறும். மாறியபோது நாங்களும் புரோகிராமை மாற்றினோம் – மாற்றிவிட்டதாக நினைத்தோம். ஐந்து பேருக்குக் குறைந்தால் பஸ்ஸுக்குப் பதில் வேன் அனுப்பும் பகுதியை மட்டும் யாரும் தொடவில்லை. அதைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமை இன்னும் லீவு. வழக்கமாகக் கமலாவின் ஸ்டாப்பில் எட்டுப் பேர் ஏறுவார்கள். அன்றைக்குப் பார்த்து நாலே பேர்.

திருத்தினேன். தப்பு எங்களுடையது என்று தொழிற்சாலைக்குக் கடிதம் கொடுத்து, கமலாவின் ‘வரவில்லை’யை அழிக்க வைத்தேன். ஆனால் அன்று சாயந்திரம் அவள் சொன்னது மனதில் உட்கார்ந்துகொண்டது.

“அவரு அப்பவே சொன்னாரு அண்ணி, இதெல்லாம் ஒனக்குச் சரிப்பட்டு வராதுன்னு. இன்னொரு வாட்டி இப்படி நிக்க வெச்சாங்கன்னா நான் வேலைய விட்டுடுவேன்.”

இன்னொரு வாட்டி நடக்காது என்று நான் எந்த தைரியத்தில் சொல்வேன்? ஆண்டுக்கணக்காக நாலு பேர் எழுதிக் குவித்த புரோகிராம். இன்னும் எத்தனை இடத்தில் பழைய வெள்ளிக்கிழமை பதுங்கியிருக்கிறதோ?

இதற்கென்று ஒரு டூல் உண்டு. புரோகிராமை ஓட்டாமலே, எழுதியதை வரி வரியாகப் படித்துத் தப்பைக் காட்டும். உலையில் போடுவதற்கு முன்னால் அரிசியில் கல் பொறுக்குகிறோமே, அந்த மாதிரி. எங்களிடமும் இருக்கிறது. ஆனால் அதற்கு உலகத்துக்கே பொதுவான கற்கள்தான் தெரியும். ஜொகூர்க் கல் தெரியாது. தெரிய வேண்டுமானால் நாமே ஒரு விதி எழுதி அதில் செருக வேண்டும். அதற்குப் பெயர் பிளகின்.

எழுத உட்கார்ந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ரொம்ப நாளைக்குப் பிறகு வேலையில் ஒரு சந்தோஷம். முதலில் ‘ஃப்ரைடே’ என்ற சொல்லைத் தேடச் சொன்னேன். அகப்பட்டது கொஞ்சம்தான். ஒருத்தர் மலாயில் ‘ஜுமாட்’ என்று எழுதியிருந்தார். இன்னொருத்தர் கிழமைக்குப் பெயரே இல்லாமல், திங்களிலிருந்து எண்ணி வெறும் ஐந்து என்று போட்டிருந்தார். புரோகிராமில் இருக்கும் எல்லா ஐந்தும் வெள்ளிக்கிழமையா என்ன? சொல்லைத் தேடுவதை விட்டேன். ‘இன்றைக்கு என்ன கிழமை என்று பார்த்து முடிவெடுக்கும் இடங்களைப் பிடி, அங்கே வெள்ளி இருந்தால் காட்டு’ என்று விதியை மாற்றினேன்.

இரண்டு நாள் பிடித்தது. ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொன்றின் கீழும் நான் எழுதி வைத்த வாசகம்: ‘தவறு: வெள்ளிக்கிழமை.’

வெறி வந்தவள் மாதிரி ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினேன். கமலாவின் முகம்தான் கண்முன்னே. மதியத்துக்குள் ஒரு சிவப்பு இல்லை.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் படித்துத் தலையாட்டினால்தான் அது வெளியே போகும். பக்கத்து மேசை ஹஃபிஸ் படித்தான். மெல்ல நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.

“காக், அபா சாலா ஹாரி ஜுமாட்?”

அக்கா, வெள்ளிக்கிழமை என்ன தப்பு செய்தது என்கிறான். திரையில் ஒரு வரியைக் காட்டினான். நான் வெட்டிய வரி. வெள்ளி வேலை நாளானபோது அவன் சேர்த்தது – ஜும்மா தொழுகைக்காக மதிய இடைவேளையை நீட்டும் வரி. அது போயிருந்தால்? தொழுதுவிட்டுத் திரும்பும் அத்தனை பேர் பெயருக்கு நேரேயும் ‘தாமதம்’ என்று விழுந்திருக்கும். கமலாவுக்கு நடந்ததை ஒரு தொழிற்சாலை நிறைய ஆட்களுக்கு நானே செய்யப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“அலமாக்... சாரி லா ஹஃபிஸ்,” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

வெட்டியதையெல்லாம் பழையபடி வைத்துவிட்டு, இரண்டு பேருமாக அந்த வாசகத்தை மாற்றினோம். இப்போது பிளகின் ‘தவறு’ என்று சொல்வதில்லை. ‘இந்த இடத்தில் ஏன் இந்தக் கிழமை?’ என்று கேட்கிறது. பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதினால் பேசாமல் போய்விடும். காரணம் சொல்ல முடியாதவை மட்டும் சிவப்பாக நிற்கும். அப்படிப் பார்த்ததில் பழைய வெள்ளிக்கிழமைகள் மூன்று மாட்டின. அதில் ஒன்று நான் எழுதியது... அதைப் பற்றி ரொம்பப் பேச வேண்டாம்.

நாம் எல்லாருமே எடுத்த எடுப்பில் ‘தவறு’ என்று சிவப்பு காட்டுகிறவர்கள்தானே? ‘ஏன்?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும். என் வீட்டில் மட்டும் ஏழெட்டாவது தேறும்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. எட்டுப் பேர் என்றால் பஸ், நாலு பேர் என்றால் வேன். கமலாவும் தவறவில்லை.

போன திங்கட்கிழமை கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்துவிட்டது.

“அண்ணி, கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க. லெட்டர் கையில இருக்கு. வெள்ளிக்கிழம சாயந்தரம் எங்க வீட்டுல எல்லாருக்கும் பிரியாணி. அவரே ஆக்குறாராம்.”

எங்கள் குடும்பத்தில் வெள்ளிக்கிழமை சைவம். வெள்ளி விடுமுறையாக இருந்த காலத்தில்கூட, லீவு நாளில் கறி கிடையாதா என்று முனகிக்கொண்டே காப்பாற்றிய சைவம். பழைய நானாக இருந்தால் உடனே சிவப்பு காட்டியிருப்பேன்.

“வெள்ளிக்கிழமயா? ஏன் கமலா?” என்றேன்.

“வேன் வராம ரோட்டுல நின்னு அழுதது ஒரு வெள்ளிக்கிழமதானே அண்ணி, ஒங்ககிட்ட சொல்லல. அதே நாளுல சிரிச்சிக்கிட்டே சாப்புடணும்.”

காரணம் சொல்லியாகிவிட்டது. விட்டுவிட்டேன்... ஆனால் பிரியாணியில் காளான்தான்.