செல்லப்பாக்கியத்தின் சிவந்த கட்டைவிரல்

செத்தவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொல்கிறார்கள். என் நாத்தனார் செல்லப்பாக்கியத்தைப் பற்றி என்னிடம் அப்படி எதுவும் இல்லை. வாய் நிறைய வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு மலாயாவில் எங்கள் ஊரான மூவாரின் கடைத்தெருவையே அதட்டியவள். என் வீட்டுக்காரருக்குத் தங்கை என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

அவள் மகள் சத்தியபாமா என் மகன் சாம்பசிவத்துக்கு முறைப்பெண். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். சிங்கப்பூருக்குப் போக ஜொகூர் பாலம் திறந்த வருஷம் பரிசம் போட நாள் குறித்தோம். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் இருந்த நெசவுக்காரி ரொக்கையாவிடம் புடவை நீளத்துக்குப் பட்டு நெய்யச் சொன்னேன். பட்டு நெசவுக்குப் பேர்போன திரெங்கானுவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். ஊடை நூலை அங்கங்கே இறுக்கிக் கட்டி, சாயத்தில் தோய்த்து, கட்டுகளை அவிழ்த்த பிறகுதான் நெய்வாள். அதனால் பூவின் ஓரம் புகை மாதிரி கலைந்து நிற்கும். மலாய்க்காரர்கள் அதை லீமார் என்பார்கள். கல்யாணத்துக்கும் உடுத்துவார்கள், பிணத்தின் மேலும் போர்த்துவார்கள்.

பரிசத்தன்று சபை நடுவே செல்லப்பாக்கியம் அதைப் பிரித்தாள். கட்டைவிரலை வாயில் வைத்து ஈரமாக்கிப் பூவின் ஓரத்தில் தேய்த்தாள். சிவந்த விரலை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள்.

"பூவெல்லாம் கலைஞ்சு கிடக்கு, சாயம் ஓடுது பாருங்க. யாரோ உடுத்தித் துவைச்சதை எம் மகளுக்குக் கொண்டாந்திருக்காங்க எங்க அண்ணி."

"அது வெத்தலைச் சிவப்பு. நெசவே அப்படித்தான்," என்றேன்.

யார் கேட்டார்கள்? உடுத்திய துணியில் பரிசம் போடுவது எங்கள் ஆட்களுக்கு ஆகாது. தட்டு திரும்பி வந்தது. சிங்கப்பூரில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த ராஜசேகரனை அவள் முன்பே பேசி வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. மகளை அவனுக்கே கட்டிக்கொடுத்தாள். சாம்பசிவம் அதன்பின் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. திரும்பி வந்த பட்டை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

போன வாரம் செல்லப்பாக்கியம் போய்ச் சேர்ந்தாள். பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டியவள் நான். பெட்டியிலிருந்து அதே பட்டை எடுத்துக்கொண்டு போனேன். யாரும் உடுத்தாத புதுத்துணிதானே. பூவின் ஓரம் மேலே தெரியும்படி போர்த்தினேன்.

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த சத்தியபாமாவுக்கு அது எந்தப் பட்டு என்று தெரிந்துவிட்டது. கண்ணீர் துடைத்த விரலால் பூவின் ஓரத்தைத் தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் அழுத்தித் தேய்த்தாள்.

"சாயம் ஒட்டலையே அத்தை," என்றாள்.

"ஒட்டாது," என்றேன்.

அவள் அழுகை நின்றது. எழுந்து வெளியே போனாள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோதும் வரவில்லை.