தொண்ணூற்றொன்பது பச்சிலை

“கொஞ்சம் பொறுங்கோ, பூதம் ஒண்டு குறுக்கை நிக்குது. அடிச்சுப்போட்டு வாறன்.”

அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்தவர் திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தால், புது ஆள் என்று எங்களுக்கு விளங்கிவிடும். அருந்ததியின் இடக்கை போட்டோகொப்பி இயந்திரத்தின் மூடியைத் தூக்கும். வலக்கை கணினி விளையாட்டில் வாள் வீசும். இரண்டிலும் பிழை வராது. கதை எழுதுகிறேன் பேர்வழி என்று வாரத்துக்கு இரண்டு தடவை அவள் கடைக்குப் பிரதி எடுக்கப் போகிறவன் நான். என் கதையில் ஒரு பக்கம்கூட அவள் இதுவரை தவறவிட்டதில்லை. வாசித்ததும் இல்லை.

சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட, வீட்டு முன்னறைதான் கடை. அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, நூல் சுற்றியிருக்கிறது. புதுக் கண்ணாடி மேசை லாச்சிக்குள் உறை பிரிக்காமல் கிடக்கிறது. கேட்டால், “இது முழுசா உடையட்டுமன், அண்ணை. உது ஒரு அவசரத்துக்கு” என்பாள். அவள் வீட்டில் எல்லாமே அவசரத்துக்குத்தான். சவர்க்காரம், மெழுகுதிரி, மூன்று வருடத்துக்கு முந்திய பனங்கிழங்கு ஒடியல் மா.

கதவின் பின்னால் ஆணியில் ஒரு காக்கித் துணிப்பை தொங்கும். காணி உறுதிப் பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், ஒரு ரோச் லைற், ஒரு பெட்டி பிஸ்கற். ஓட வேண்டி வந்தால் எட்டி எடுக்க வேண்டியது அது ஒன்றுதான். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பிஸ்கற்றை மாற்றுவாள். பழையதைக் கோழிகள் தின்னும். அந்தக் கோழிகளைப்போலப் பொங்கலை எதிர்பார்க்கும் சீவன்கள் எங்கள் பகுதியிலேயே இல்லை.

அந்தப் பையை அவள் முதன்முதல் சுமந்தது, போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே காலியான தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில். பதினாலு வயது. நாவற்குழிப் பாலத்தடியில் சனம் நகராமல் நின்றது, மழை கொட்டியது. எட்டு வயதுத் தம்பி சிவகரன் பசியில் அவள் சட்டையைப் பிடித்து இழுத்து பிஸ்கற் கேட்டுக் கேட்டு அழுதான். “அவசரத்துக்கு வேணும், தொடாதை” என்று அம்மா சொல்லியிருந்தா. இவள் தொடவில்லை. சாவகச்சேரியில் போய்த் திறந்தபோது பிஸ்கற் முழுவதும் மழையில் கரைந்து களியாகியிருந்தது. “அதைவிட என்ன அவசரம் அண்ணை வரக் கிடந்தது?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். இயந்திரம் கடைசித் தாளைத் துப்பும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தச் சிவகரன் இப்போது தொண்டைமானாற்றில் கணித ஆசிரியர். கடை ஓய்ந்த ஒரு பள்ளி விடுமுறையில், “பொழுது போகும், அக்கா” என்று அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தது அவர்தான். அதில் அருந்ததி ஒரு வீராங்கனை. மூன்று தோழர்களைக் கூட்டிக்கொண்டு நாடு கடந்து போய் இருளரசனை வெல்ல வேண்டும். தோழர்களுக்கு நாங்களே பெயர் வைக்கலாம். அம்பு விடுகிற சின்னப் பயலுக்கு அவள் வைத்த பெயர் சிவா. வழியெல்லாம் பச்சிலை கிடைக்கும். விழுந்தவனை அது எழுப்பும். பதினாறு மாதத்தில் தொண்ணூற்றொன்பது சேர்த்தாள். அதற்குமேல் பை கொள்ளாது. ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை.

இருளரசனிடம் பதினொரு தடவை தோற்றாள். பன்னிரண்டாவதில் வெற்றி கைக்கெட்டியது, ஆனால் சிவா விழுந்துகிடந்தான். அப்படியே முடித்தால் முடிவுக் காட்சியில் அவன் இருக்கமாட்டான். வெல்வதற்கு ஒரு வெட்டு மிச்சம் இருக்கும்போது அவள் கணினியையே நிறுத்திவிட்டாள். “அவன் இல்லாமல் எனக்கென்னத்துக்கு?”

போன வெள்ளி பதின்மூன்றாவது தடவை. நானும் நின்றேன். ஓய்வூதியப் படிவத்தோடு கிழவர் தம்பிஐயா நின்றார். பரீட்சைத் தாள் பிரதி எடுக்க வந்த சிவகரனும் நின்றார். சின்னப் பயல் மறுபடியும் விழுந்தான்.

“பச்சிலையைக் குடுங்கோவன், அக்கா.”

“பேந்து என்ன வருமோ, ஆர் கண்டது?”

“இதுதான் அக்கா கடைசி. இதுக்குப் பிறகு ஒண்டும் வராது. நான் முடிச்சனான்தானே.”

அவள் கை நின்றது. தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

“குடு மோனை,” என்றார் தம்பிஐயா. பூதம் எது, ஆள் எது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. “பிள்ளை பாவம், கிடக்கிறான். குடு.”

கொடுத்தாள். சிவா எழும்பினான். அடுத்தவன் விழுந்தான், கொடுத்தாள். பிறகு எண்ணவே இல்லை. விழ விழ எழுப்பினாள். கஞ்சப் பிரபு என்று நான் மனதுக்குள் பெயர் வைத்திருந்த பெண், அள்ளி அள்ளி இறைத்தாள். தொண்ணூறு, அறுபது, இருபது. நூல் அறுந்து பழைய கண்ணாடி மேசையில் விழுந்தது. லாச்சியை இழுத்து, புதுக் கண்ணாடியின் உறையைக் கிழித்து மாட்டிக்கொண்டு அடித்தாள். கடைசிப் பச்சிலையும் போனது. இருளரசன் சாய்ந்தான்.

தம்பிஐயா படிவத்தைப் பறக்கவிட்டுக் கைதட்டினார். நானும் தட்டினேன், ஒளிப்பானேன்?

திரையில் கடற்கரை விடிந்தது. வீராங்கனை வெறும் பையை ஒரு மரக்கிளையில் கொழுவிவிட்டு நடந்தாள். நாலு நிழல்கள் மணலில் நீண்டன.

“பாத்தியளோ! நாலு பேரும் நிக்கினம், அண்ணை! ஒருத்தரையும் விடேல்லை!” அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். புதுக் கண்ணாடி முதல் நாளே நனைந்துபோயிற்று.

பிறகு எழுந்து கதவடிக்குப் போனாள். ஆணியிலிருந்து காக்கிப் பையை எடுத்து, காணி உறுதியையும் பத்திரங்களையும் மேசையில் வைத்தாள். அடியில் கிடந்த பிஸ்கற் பெட்டியைப் பல்லால் கடித்துக் கிழித்து, முப்பத்தெட்டு வயதுத் தம்பியின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

“இந்தா. சாப்பிடு.”