லயத்துத் தெருவின் கடைசிச் சுவர்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. புவனா வாயால் கேட்டதை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

கொடைக்கானல் சரிவில் ஒரு பழைய தெரு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பங்கள் இருப்பதால் லயத்துத் தெரு என்று பெயர். இளசுகள் வேலை தேடித் திருப்பூர் பக்கம் போய்விட, பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சுவரெல்லாம் தோட்டத்துப் பெண்களின் முகங்களை வரைந்தால் டூரிஸ்டுகள் வருவார்கள் என்று யோசனை சொன்னவன் சிவமுருகன். மேல் ரோட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறவன். தேன் தடவின பேச்சு. பொய் சொல்லக் கூடாது, வர்ணம் ஏற ஏறத் தெருவுக்கு ஒரு களை வந்தது உண்மைதான்.

வரைய வந்தவள் திண்டுக்கல் புவனா. கோயில்களுக்கு வர்ணம் தீட்டும் குடும்பம். எந்த உருவத்துக்கும் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார்கள். கண் திறக்கும்போது எதிரே ஆள் நிற்கக் கூடாது, கண்ணாடியைத்தான் காட்ட வேண்டும். முதல் பார்வை மனுஷன்மேல் விழுந்தால் அவனுக்கு ஆகாது என்பது அவர்கள் வழக்கம். இந்தத் தெருவிலும் ஒவ்வொரு முகத்துக்கும் அப்படியே செய்தாள்.

திருப்பத்தில் தனியாக நின்ற கடைசி வீடு பாண்டியம்மாளுடையது. பூட்டியிருந்தது. அந்தம்மா மேல்மலைப் போளூரில் மகளோடு இருக்கிறது, சம்மதம் வாங்கியாயிற்று என்றான் சிவமுருகன். செல்போனில் படமும் காட்டினான். முகம் மட்டும். கண் மூடியிருந்தது.

"ஃப்ளாஷ் அடிச்சதும் கண்ண மூடிருச்சு. நீங்க தொறந்து, சிரிக்கிற மாதிரி போட்டுருங்க."

தாடையோரம் ஒரு வெள்ளைத் துணி தெரிந்தது. குளிருக்குக் கட்டிய மப்ளர் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

மறுநாள் திறப்பு விழா. இந்தச் சுவர் நன்றாக வந்தால் ஊரின் மற்றத் தெருக்களும் அவளுக்கே என்று ஆசை காட்டியிருந்தான். மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. சாரத்தில் நின்று உதட்டைச் சிரிக்க வைத்தாள். வர்ணம் குழைத்துவிட்டுத் திரும்பினால், சிரிப்பைக் காணோம். ஈரச்சுவர், வழிந்திருக்கும் என்று மறுபடி போட்டாள். மறுபடியும் இறங்கிப் போனது.

அப்போதுதான் கேட்டது.

க்ஹும்... க்ஹும்...

பூட்டிய வீட்டுக்குள் இருமல்.

அவள் சாரத்திலிருந்து இறங்கப் பார்த்தாள். நல்லவேளை, சிவமுருகன் வந்தான். கண் வைப்பதை வீடியோ எடுத்து விழாவில் காட்ட வேண்டுமாம். சுவருக்கு நேர் எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தள்ளி நில்லுங்கண்ணே. கண் தொறக்கையில எதுக்க ஆள் ஆகாது."

"இதென்ன சாமி செலையா? வெரசா முடிங்க."

கண்ணாடி மறைக்கிறது என்று அதையும் வாங்கிக் கீழே வைத்துவிட்டான். ஆசை யாரை விட்டது? புவனா தூரிகையைத் தொட்டெடுத்தாள்.

இடது கண்.

வலது கண்...

கருமணியை அவள் நேராகத்தான் வைத்தாள். ஆனால் பார்வை கீழே இருந்தது. அவன்மேல்.

இருமல் நின்றது.

"ஏன் இருட்டுது?" என்றான் சிவமுருகன்.

இருட்டவில்லை.

"ஆத்தா... கைய எடு... தகரத்த மாட்டிர்றேன்... நாளைக்கே மாட்டிர்றேன்..."

மூடுபனி அவனை விழுங்கியது. விலகியபோது தரையில் கிடந்தான். உயிர் இல்லை. உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அன்று பொட்டு மழையில்லை.

மாரடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆனால் அவன் இமை மூடவில்லை. ஆள் மாற்றி ஆள் இழுத்துவிட்டும் மூடவில்லை. திறந்த கண்ணோடுதான் எரித்தார்கள்.

பிறகு தெருக்காரர்கள் சொல்லித்தான் புவனாவுக்குத் தெரிந்தது. பாண்டியம்மாள் போன மாதமே இறந்துவிட்டாள். அவள் நினைவாகத்தான் வரைகிறார்கள் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். அந்த வீட்டைக் காபிக் கடையாக்க சிவமுருகன் கேட்க, அவள் மாட்டேன் என்றிருக்கிறாள். கூரை மாற்றித் தருகிறேன் என்று தகரத்தைக் கழற்றினவன், திரும்ப மாட்டவில்லை. ஐப்பசி அடைமழை. மகள் கூப்பிட்டும், அக்கம்பக்கத்தில் கூப்பிட்டும் போகவில்லை, வீட்டை விட்டு அசைந்தால் அவன் பூட்டிவிடுவான் என்ற பயம். நனைந்து, இருமி இருமியே செத்தாள். அவன் புவனாவிடம் காட்டியது, வாய் திறந்துகொள்ளாமல் தாடையைக் கட்டிக் கிடத்தியிருந்தபோது எடுத்த படம். இப்படியும் ஒருத்தன் இருப்பானா?

பிணத்துக்குக் கண் வைத்த கை. அடுத்தது நாம்தானோ என்று புவனாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜீப் பிடித்துப் போளூருக்குப் போய், மகள் விஜயராணியின் காலில் விழுந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். விஜயராணி அவளைத் தூக்கி உட்கார வைத்தாள்.

"எங்கம்மா சாகையில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. என் கண்ண மூடிராதீங்க, அவன் வர்றத நான் பாக்கணும்னு. நாங்க மூடல. அவன்தான் மாலையோட வந்து, அழுதுக்கிட்டே மூடிவிட்டான்."

பிறகு புவனாவின் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க தொறந்து விட்டீங்க. நல்லா இருப்பீங்க."