கீழப்பொட்டல் தெருவின் நீலப் புள்ளி

அசீனாவைப் பற்றிச் சொல்ல வந்தால் முதலில் அவள் பையைப் பற்றித்தான் சொல்லணும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிற மற்றப் பிள்ளைகள் பையில் சீப்பு இருக்கும், சாப்பாட்டு டப்பா இருக்கும். இவள் பையில் சுத்தியலும் கல்லும் கிடக்கும். கண்டக்டர் ஒரு தடவை அதைத் தூக்கி ஓரமாய் வைக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "என்ன தாயி, வீட்டையே பேத்துக் கொண்டாந்துட்டியா?" பஸ்ஸே சிரித்தது. அசீனாவும் சிரித்தாள்.

அவள் அத்தா சாகுல் ஹமீது, மடவார் வளாகம் போகிற வழியில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் விற்கிற கடை வைத்திருக்கிறார். மகள் நிலவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது சொந்தபந்தம் அம்புட்டும் வீட்டுக்கு வந்து நியாயம் பேசியது. "பொம்பளப் புள்ள கல்லு பொறுக்கவா காலேஜுக்குப் போகுது?" என்று ஒரு மாமு கேட்டார். மறுநாள் காலையில் சாகுல் ஹமீது கடையைப் பூட்டிவிட்டுத் தானே கூடப்போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். அன்றைக்கே அசீனாவுக்கு ஒரு வைராக்கியம் பிடித்துக்கொண்டது. கல் பொறுக்கப் போனவள் ஒரு நல்ல காரியம் செய்தாள் என்று அந்த மாமு வாயாலேயே சொல்ல வைக்கணும். என்னைக் கேட்டால், வந்த வினையெல்லாம் அந்த வைராக்கியத்தால் வந்ததுதான் என்பேன்.

அவள் இரண்டாம் வருஷம் படிக்கிறபோது, பேராசிரியர் ராக்கப்பன் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார். ராஜபாளையத்தைச் சுற்றிப் போர் போட்டு எடுக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது, அது எந்தப் பாறையிலிருந்து கரைந்து வருகிறது என்று தெருத்தெருவாகப் பார்த்து வரைபடம் போடணும். அளவுக்கு மிஞ்சி ஃபுளோரைடு உள்ள தண்ணீரைச் சின்னதிலிருந்தே குடித்து வளருகிற பிள்ளைக்குப் பல்லில் காவி ஏறும். என்ன தேய்த்தாலும் போகாது. ஆராய்ச்சிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். அவரவர் தெருத் தண்ணீரை அவரவர் பிடித்து வரணும். கல்லூரிப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்து, கூடப் போய் வாங்கி, லேப்பில் சோதிக்கணும். நல்ல யோசனைதான். தெருப் பிள்ளை கேட்டால் எந்த வீடும் இல்லை என்று சொல்லாது.

அசீனாவுக்குக் கிடைத்தது ராஜபாளையத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். அதில் ஒருத்தி யோகேஸ்வரி. மில்லைத் தாண்டி ஊர் முடிகிற இடத்தில் கீழப்பொட்டல் தெருவில் வீடு. படு சூட்டிகை. ஆனால் சிரிக்கிறபோது மட்டும் கை தானாக வாய்க்குப் போய்விடும். பல் பூராவும் காவி.

பாட்டிலை எப்படிப் பிடிக்கணும் என்று அசீனா பாடம் எடுத்ததைப் பார்த்திருக்கணும். மோட்டாரைச் செத்த நேரம் ஓடவிட்டுப் பொறவுதான் பிடிக்கணும். அதே தண்ணியால் பாட்டிலைக் கழுவணும். காற்று நிற்காமல் மூடணும், வீட்டுப் பெயரை ஒட்டணும். பிள்ளைகள் தலையாட்டின. எல்லாம் சரி. சொன்ன மகராசி, சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்கணுமா வேண்டாமா?

சித்திரை வெயிலில் கீழப்பொட்டல் தெருவுக்குள் நுழைந்ததுமே ஒரு வீட்டில் நாற்காலி வந்தது. அடுத்த வீட்டிலிருந்து விசிறி வந்தது. "காலேஜுல இருந்து வந்த புள்ள, வெயில்ல நிக்காத தாயி. பாட்டிலக் குடு, நாங்க பிடிச்சுத் தாரோம்." யோகேஸ்வரியின் அம்மா கையைப் பிடித்து உட்காரவே வைத்துவிட்டாள். பாட்டிலெல்லாம் வீட்டுக்குள்ளே போயின. நிறைந்து, முந்தானையால் துடைக்கப்பட்டுத் திரும்பி வந்தன. அசீனா நாற்காலியில் இருந்தபடியே பெயர் ஒட்டினாள்.

லேப்பில் முடிவு வந்தது. சுற்றியுள்ள தெருவெல்லாம் வரைபடத்தில் சிவப்பு. நடுவில் கீழப்பொட்டல் மட்டும் நீலம். நல்ல தண்ணீர், அதுவும் அப்படி ஒரு நல்ல தண்ணீர். எல்லாப் பாட்டிலும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருந்தன. ராக்கப்பன் சார் புருவத்தைத் தூக்கினார். "என்னம்மா, எல்லாம் ஒண்ணுபோல இருக்கு?"

"ஒரே ஊத்து சார்" என்றாள் அசீனா, பட்டென்று.

அதோடு விட்டாளா? தெருவுக்கு மேற்கே கண்மாய்க்கரையில் கருங்கல் மேடு ஒன்று மண்ணுக்கு வெளியே தலைகாட்டி நிற்பதை அவள் பார்த்திருந்தாள். அது பூமிக்குள்ளே சுவர்போல இறங்கியிருக்கும், கெட்ட நீரை அந்தப் பக்கமே மறித்துவிடும், கண்மாயிலிருந்து இறங்குகிற நன்னீர் மட்டும் தெருவுக்குக் கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டாள். படம் வரைந்தாள். பூமிக்கு அடியில் அப்படிச் சுவர் இருப்பது உண்டுதான், தண்ணீரை மறிப்பதும் உண்டுதான். அதனால் சாரும் நம்பினார். அட, கூடவே வருகிற யோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளே, அந்தப் பல் எந்தத் தண்ணீரில் காவி ஏறியது என்று ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாதா? "அது பழைய கெணத்துத் தண்ணி குடிச்ச காலத்துல வந்திருக்கும் சார்" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். ஆசை வந்துவிட்டால் கண்ணுக்கு முன்னால் இருப்பதுகூடத் தெரியாது.

கருத்தரங்கில் முதல் பரிசு. பள்ளிக்கூடத்தில் பிரேயரில் யோகேஸ்வரியை மேடையேற்றிக் கைதட்டினார்கள். சாகுல் ஹமீது மகள் பரிசு வாங்குகிற போட்டோவைப் பெரிசாக்கி, கடையில் குடங்களுக்கு மேலே மாட்டினார். அந்த மாமுவே கடைக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாராம். அசீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்திலேயே கீழப்பொட்டல் தெருவுக்குப் போனாள். பெண்களைக் கூட்டி வைத்து, "ஒங்க போர் தண்ணி நல்ல தண்ணி. தாராளமாக் குடிக்கலாம்" என்றாள். அந்தத் தெருவில் குடிக்கிற தண்ணீருக்கு மெயின்ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துக் குழாய்க்குத்தான் குடத்தோடு போகணும். யோகேஸ்வரி சின்னப் பிள்ளையாய் இருந்தபோது அந்தக் குழாயும் கிடையாது. லாரியும் பஸ்ஸும் சீறுகிற ரோடு. இனி அந்தப் பாடு இல்லை என்றதும் ஒருத்தி கையெடுத்தே கும்பிட்டுவிட்டாள்.

தை மாதம், மழைக்குப் பிந்தின தண்ணீரைச் சோதிக்க மறுபடியும் போனாள். யோகேஸ்வரியின் மதினி முத்துப்பேச்சிதான் வாசலில் வரவேற்றாள். முத்துப்பேச்சி மலையடிவாரத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முத்துமுத்தான வெள்ளைப் பல். வந்த நாளிலேயே நாத்தனார் பல்லைப் பார்த்து, "எம்புள்ளைக்கு இப்படி ஆக விடமாட்டேன்" என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டவள். வயிற்றுப் பிள்ளையோடு ரோட்டைத் தாண்டிக் குடம் சுமந்தவள். முதல் தடவை பாட்டில் பிடிக்கிறபோது அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். இப்போது இடுப்பில் பெண் குழந்தை.

"வா தங்கச்சி, ஒன்னப் பத்திப் பேசாத நாளே இல்ல. தாய்ப்பால் பத்தலன்னு புட்டிப்பால் குடுக்கேன். நல்ல வேள, தண்ணிக்கு ரோட்டுக்கு ஓட வேண்டாம்." உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடி. நம்ம போர் தண்ணிதான்."

அசீனா ஒரு மடக்குக் குடித்தாள். கரித்தது. கண்மாய் நன்னீர் ஏன் கரிக்குது? இன்னொரு மடக்குக் குடித்தாள். லேப்பில் பார்த்தபோது பாட்டில் தண்ணீரில் உப்பு இம்புட்டு இல்லையே. திரும்பினாள். யோகேஸ்வரி கதவோரம் தலையைக் குனிந்து நின்றாள்.

"யோகேஸ்வரி, அன்னைக்கு உள்ள வச்சு எந்தத் தண்ணிய ஊத்துனீக?"

பிள்ளைக்கு அழுகை முட்டியது. "கொடத்துத் தண்ணிதான்க்கா. ரோட்டுக் குழாயில எடுத்தது. வீட்டுக்கு வந்தவுகளுக்கு இந்த உப்புத் தண்ணியவா குடுப்பேன்னு அம்மா ஊத்திருச்சு. எங்க வீடு ஒண்ணுதானன்னு இருந்துட்டேன்க்கா."

அசீனா அவளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். ஒவ்வொரு வீட்டிலும் அதே சிரிப்பு, அதே பதில். "அதையா கேக்க? நான் நல்ல தண்ணிதான் ஊத்துனேன். கரிக்கிற தண்ணிய ஒங்கையில குடுக்க மனசு வருமா? மத்த வீட்டுத் தண்ணியெல்லாம் பாத்துத்தான சொல்லியிருப்பன்னு நெனச்சேன்." ஒருத்தியும் பொய் சொல்ல நினைக்கவில்லை. தான் ஒருத்திதான் மாற்றினோம் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள். தெரு மொத்தமும் சேர்ந்து விருந்தாளிக்கு மரியாதை செய்திருக்கிறது. விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

அன்றைக்கு மோட்டார் வாயிலேயே நின்று அவளே பிடித்துக்கொண்டு போனாள். லேப்பில் பார்த்தபோது கீழப்பொட்டல்தான் எல்லாத் தெருவையும்விடக் கடுஞ்சிவப்பு. கருங்கல் சுவராவது ஒன்றாவது. அது வெறும் கல்மேடு.

ராக்கப்பன் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் அவருக்கும் கலக்கம். "கட்டுரை அச்சுக்குப் போயிருச்சு அசீனா. இதை நம்பித்தான் ஒனக்கு மேல்படிப்புக்கு எழுதிக் குடுத்திருக்கேன். அடுத்த வருஷ வரைபடத்துல திருத்திக்குவோம். ஒரு தெருதான?"

"அடுத்த வருஷம் வரைக்கும் அந்தத் தெரு என்னத்தக் குடிக்கும் சார்?"

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "கட்டுரைய நான் திருப்பிக் கேக்கேன். தெருவுக்கு நானும் வரவா?" என்றார் கடைசியில்.

"சொன்னது நான். நானே போறேன் சார்."

பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே கடைக்குப் போனாள். சாகுல் ஹமீது குடங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். அவர் அடுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"போட்டோவ எறக்கிரவாம்மா?" என்று கேட்டார்.

அதற்கு அவர் நாலு அறை அறைந்திருக்கலாம். எறக்கிருங்க என்று அசீனா தலையாட்டினாள்.

மறுநாள் கீழப்பொட்டல் தெருவில் அதே இடத்தில் பெண்களைக் கூட்டினாள். நாற்காலி வந்தது. அவள் உட்காரவில்லை. தண்ணீர் கெட்டது என்றாள். குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்றாள். என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். "யோகேஸ்வரிய யாரும் ஏசாதீக. ஒங்க மேலயும் தப்பில்ல. மோட்டார் வாயில நிக்க வேண்டியவ நான். நான் உக்காந்துட்டேன்."

ஒருத்தி எழுந்தாள். "அன்னைக்கு நல்லதுன்ன. இன்னைக்குக் கெட்டதுங்க. நாளைக்கு வந்து என்ன சொல்லுவ? நாங்க எதத்தான் நம்ப?" இன்னொருத்தி, "நம்ம மரியாதைக்குக் குடுத்தது நமக்கே வெனையாப் போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். யோகேஸ்வரியின் அம்மா மகளை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மலைத்துப்போய் நின்றாள்.

முத்துப்பேச்சி எழுந்து வீட்டுக்குள் போனாள். குழந்தையின் பால் புட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். பாதி குடித்து மீதி இருந்தது. அசீனாவுக்கு முன்னால் வந்து நின்று மூடியைத் திருகி, பாலை அவள் காலடி மண்ணில் கவிழ்த்தாள். வெள்ளையாக ஓடி மண்ணுக்குள் இறங்கியது.

"வயித்துல வச்சுக்கிட்டு அந்த ரோட்டத் தாண்டுனேன்" என்றாள். சத்தமே உயரவில்லை. "நீங்க சொன்னீகன்னுதான் நிறுத்துனேன். நேத்துத்தான் எம்புள்ளைக்கு மொதப் பல்லு தெரிஞ்சிருக்கு."

தங்கச்சி போய் நீங்க ஆகிவிட்டது. அசீனாவுக்குக் குழந்தையை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அது ஒன்றும் தெரியாமல் அவளைப் பார்த்துச் சிரித்தது. கீழ் ஈறில் அரிசி முனைபோல வெள்ளையாக ஒன்று.

இப்போதே நிறுத்திவிட்டால் இனி முளைக்கிற பல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. அது நிஜம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தத் தெருவில் எதையும் அடித்துச் சொல்லுகிற வாய் அவளுக்கு இனி இல்லை. முத்துப்பேச்சி உள்ளே போய்க் காலிக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். ஒவ்வொருத்தியாக எழுந்து குடம் எடுத்துக்கொண்டு அவள் பின்னே போனார்கள்.

அசீனா தெருவில் தனியே நின்றாள். தை வெயிலானாலும் உச்சிப்பொழுது சுள்ளென்றுதான் அடித்தது. பேசிப் பேசித் தொண்டை வறண்டு கிடந்தது. கொஞ்சநேரத்தில் பெண்கள் நிறைகுடத்தோடு ஒவ்வொருவராகத் திரும்பி அவளைத் தாண்டி வீட்டுக்குள் போனார்கள். யார் வந்தாலும் முதலில் செம்பை நீட்டுகிற தெரு அது. அவளிடம் குடிக்கத் தண்ணீர் வேணுமா என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.